நாம் ஏற்றும் வீடியோ வேறு, பார்ப்பவர் காணும் வீடியோ வேறு

கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது பளிச்சென்று இருந்த வீடியோ, தளத்தில் ஏற்றியதும் ஏன் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறது? புதிதாக வீடியோ போடத் தொடங்குகிற எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி இது. நானும் கேட்டேன். ஜன்னலோரம் நின்று மழையை மூன்று நிமிடம் எடுத்திருந்தேன், கணினியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது, ஏற்றிய பிறகு பார்த்தால் மழையே இல்லை, சாம்பல் நிறத்தில் ஏதோ புகைமூட்டம் நெளிந்துகொண்டிருந்தது. முதலில் கேமராவைத் திட்டினேன், அப்புறம் எடிட் செய்த மென்பொருளை, கடைசியில் இணைய இணைப்பையும் விடவில்லை. மூன்றின் மேலும் தப்பில்லை என்று புரிய நாளாயிற்று.

நடப்பது இதுதான். நீங்கள் ஏற்றுகிற கோப்பை யூட்யூப் மாதிரியான தளங்கள் அப்படியே யாருக்கும் காட்டுவதில்லை. அதை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து தாங்களே புதிதாகப் பல நகல்களைச் செய்கின்றன: 144, 240, 360, 480, 720, 1080 என்று உயரத்துக்கு ஒன்றாக (படத்தின் உயரத்தில் எத்தனை புள்ளி என்பதுதான் இந்த எண்), நீங்கள் 4கே கொடுத்திருந்தால் 1440, 2160 வரைக்கும். பார்ப்பவருடைய இணைய வேகத்தைப் பொறுத்து எந்த நகல் போகும் என்பது அந்தந்த நொடியில் முடிவாகிறது. பஸ்ஸில் போய்க்கொண்டே பார்க்கிறவருக்கு நடுவழியில் படம் சட்டென மங்கிப் பிறகு தெளிவதற்கு அதுதான் காரணம். ஆக, நாம் கொடுப்பது வெறும் மூலப்பிரதி. அதை வைத்துத் தளம் நல்ல நகல் எடுக்க வசதியாகக் கொடுப்பதுதான் நம் வேலை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எடிட் முடித்ததைக் கோப்பாக்கி எடுக்கும்போது, அதாவது எக்ஸ்போர்ட் செய்யும்போது, வரிசையாக வந்து மிரட்டுகிற அத்தனை கேள்விகளுக்கும் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

ஏன் சுருக்க வேண்டும், அப்படியே கொடுத்தால் என்ன என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடுகிற நிலைப்படங்கள்தான், ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். 1080 வீடியோவின் ஒரு ஃப்ரேமில் 1920 பெருக்கல் 1080, அதாவது கிட்டத்தட்ட 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுதி வைக்க 3 பைட் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 6.2 எம்பி. நொடிக்கு 30 ஃப்ரேம், எனவே நொடிக்கு 186 எம்பி. ஒரு நிமிடத்துக்கு 11 ஜிபி! உங்கள் போனில் ஒரு நிமிட வீடியோ அவ்வளவு இடம் பிடிப்பதில்லை, ஏனென்றால் படம் எடுக்கும்போதே போன் அதைச் சுருக்கித்தான் சேமிக்கிறது. அதாவது உங்கள் கையில் இருக்கும் 'அசல்' கூட ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டதுதான்.

எப்படிச் சுருக்குகிறது என்பதுதான் இதில் சுவாரசியமான இடம். எல்லா ஃப்ரேமையும் முழுசாக எழுதி வைப்பதில்லை. எப்போதாவது ஒரு ஃப்ரேமை முழுப்படமாக வைத்துக்கொள்ளும், அதற்கடுத்து வருகிறவற்றில் 'முன்னதிலிருந்து என்ன மாறியது' என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் பேசுகிறார், பின்னால் வெள்ளைச் சுவர். சுவர் மாறவில்லை, நாற்காலி மாறவில்லை, வாயும் கண்ணும் கையும் மட்டும் அசைகின்றன. எழுத வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஒரு பொருள் இடமிருந்து வலமாக நகர்ந்தால்கூட அதைத் திரும்ப வரைவதில்லை, 'இந்தத் துண்டை இவ்வளவு தள்ளி வை' என்று ஒரு குறிப்போடு முடித்துவிடும்.

இப்போது மழைக்கு வாருங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஆயிரக்கணக்கான துளிகள், முந்தைய ஃப்ரேமில் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, தள்ளி வைத்துச் சமாளிக்கவும் முடியாது. மாறாதது என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் எழுதுவதற்குக் கொடுக்கப்பட்ட இடமோ அதே அளவுதான். அந்த இடத்தின் பெயர்தான் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எத்தனை பிட் செலவு செய்யலாம் என்கிற படியளப்பு. வெள்ளைச் சுவர் முன் பேசுகிறவருக்குத் தாராளமாக இருக்கிற அதே படி, மழைக்கும் கடலலைக்கும் காற்றில் ஆடும் இலைகளுக்கும் மேடையில் கொட்டும் வண்ணக் காகிதத் துண்டுகளுக்கும் போதவே போதாது. போதாதபோது மென்பொருள் நுணுக்கங்களைக் கைவிடுகிறது, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒன்றாகப் பூசிவிடுகிறது. நமக்குக் கட்டம் கட்டமாகத் தெரிவது அதுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஓர் எதிரி உண்டு, அது இருட்டு. வெளிச்சம் குறைவான அறையில் எடுத்தால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் பறக்கும் அல்லவா, அந்தப் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறுகின்றன. நம் கண்ணுக்கு அது குப்பை. சுருக்கும் மென்பொருளுக்குக் குப்பை எது, முகத்தின் நுணுக்கம் எது என்று தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி மதித்து, படியளந்த பிட்டில் பாதியை அந்தக் குப்பைக்கே செலவழித்துவிட்டு முகத்தை மங்கலாக்கிவிடும். கை நடுக்கத்தோடு எடுத்தாலும் இதே கதைதான், அசையாத சுவர்கூட அசைய ஆரம்பித்துவிடும். அதனால் 'எக்ஸ்போர்ட்டில் என்ன செட்டிங் வைக்கணும்' என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, இன்னொரு விளக்கைப் போடுங்கள், போனை எதிலாவது சாய்த்து நிறுத்துங்கள் என்பதுதான். கேட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் எந்த மென்பொருள் செட்டிங்கும் இவை இரண்டும் செய்கிற அளவு மாற்றத்தைத் தராது. எடுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றால், எடிட் செய்யும்போது நாய்ஸ் (அந்தப் பொடிப்புள்ளிகள்தான்) குறைக்கும் வசதியை லேசாகப் பயன்படுத்தலாம். அளவு மீறினால் முகம் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும், ஜாக்கிரதை.

அடுத்தது நகலின் நகல். ஜெராக்ஸ் எடுத்த தாளையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அதையும் மறுபடி எடுத்தால் நாலாவது தாளில் எழுத்து எப்படி இருக்கும்? வீடியோவும் அப்படித்தான். போன் ஒருமுறை சுருக்குகிறது. எடிட் செய்து எக்ஸ்போர்ட் செய்யும்போது இன்னொரு முறை. தளம் மூன்றாவது முறை. இந்த மூன்றும் தவிர்க்க முடியாதவை. ஆனால் நாமாக நடுவில் சேர்க்கிற முறைகள் இருக்கின்றன பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது. நண்பர் எடுத்த காட்சியை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பச் சொல்லி வாங்கினால், அது வழியிலேயே நன்றாக அமுக்கப்பட்டுத்தான் வந்து சேரும். அதையே 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்பச் சொன்னால் கோப்பு அப்படியே வரும். தளத்தில் ஏற்கெனவே போட்டதை இறக்கி, வெட்டி, மறுபடி ஏற்றுவதும் இதே ரகம்தான். எப்போதும் அசலிலிருந்து தொடங்குங்கள். 'ஏற்ற நேரமாகிறது, அதனால் முதலில் ஒரு மென்பொருளில் போட்டு நன்றாகச் சுருக்கிவிட்டு ஏற்றுகிறேன்' என்று சிலர் அக்கறையாகச் செய்வதுண்டு. அப்படிச் செய்தால் தளம் அதற்காகத் தன் பங்குச் சுருக்கலை விட்டுவிடாது, நீங்கள் அமுக்கியதன் மேலேயே அதுவும் அமுக்கும்.

சரி, எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தலாம். முதலில் குழப்புவது எம்பி4, எம்ஓவி, எம்கேவி என்கிற பெயர்கள். இவை வெறும் உறைகள். உறைக்குள் இருக்கிற கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பது வேறு சமாச்சாரம், அதைக் கோடெக் என்பார்கள். ஒரே எம்பி4 உறைக்குள் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ஏவி1 இருக்கலாம். 'எம்பி4 தான் கொடுத்தேன், ஆனாலும் ஓடவில்லை' என்று சிலர் புலம்புவதற்குக் காரணம், உறையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதைப் பார்க்காததுதான். எச்.264 வந்தது 2003இல். அதற்குப் பின் எச்.265 2013இலும், ஏவி1 2018இலும் வந்தன, இரண்டும் அதைவிடக் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தருகின்றன. இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றால் இன்றைக்கும் எம்பி4 உறை, எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி என்கிற கூட்டணிதான். பழசு என்று தள்ள வேண்டாம், இதை ஓட்டாத கருவி அபூர்வம்.

ரெசல்யூஷன் (அகலத்திலும் உயரத்திலும் எத்தனை புள்ளி என்பது) விஷயத்தில் எடுத்த அளவிலேயே ஏற்றுங்கள். 720இல் எடுத்ததை 4கே என்று எக்ஸ்போர்ட் செய்தால் இல்லாத நுணுக்கம் எங்கிருந்தும் வந்துவிடாது, கோப்புதான் வீங்கும். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் குறுக்கு வழிதான்: யூட்யூபில் 1080க்கு மேற்பட்ட அளவுகளுக்குக் கொஞ்சம் தாராளமாக பிட் ஒதுக்குகிறார்கள், அதனால் நல்ல 1080 வீடியோவை 1440 ஆகப் பெரிதாக்கி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மழை, விளையாட்டு, கேம் வீடியோ மாதிரி அசைவு அதிகமானவற்றில் பலன் தெரியும். பேச்சு வீடியோவுக்கு மெனக்கெட வேண்டாம்.

படுக்கை வாக்கில் எடுத்தால் 16:9, நெடுக்கில் எடுத்தால் 9:16, அதாவது 1080க்கு 1920. நெடுக்கு வீடியோவின் இருபுறமும் கறுப்புப் பட்டை ஒட்டிப் படுக்கை வாக்காக மாற்றி ஏற்றாதீர்கள். பட்டை தேவைப்பட்டால் பிளேயரே போட்டுக்கொள்ளும். நீங்கள் ஒட்டிய பட்டையோ படத்தின் பகுதியாகவே ஆகிவிடும், போனில் பார்க்கிறவருக்கு நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து நடுவில் தபால்தலை அளவுக்குப் படம் தெரியும். ஷார்ட்ஸ் மாதிரியான குறுவீடியோக்களில் திரையின் அடியிலும் வலது ஓரத்திலும் தளத்தின் பட்டன்களும் பெயரும் வந்து உட்காரும், அங்கே முக்கியமான எழுத்தை வைத்தால் யாரும் படிக்க முடியாது.

எழுத்து என்றதும் இன்னொன்று. மெல்லிய சிவப்பு எழுத்தைக் கறும்பின்னணியில் வைத்துப் பாருங்கள், ஏற்றிய பிறகு ஓரமெல்லாம் கசிந்திருக்கும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டை மந்தமாகவும் பார்க்கிறது என்பதால், இந்தக் கோடெக்குகள் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி எழுதிவிட்டு, நிறத்தை நாலு புள்ளிக்கு ஒருமுறைதான் எழுதுகின்றன. கேமராக் காட்சியில் இது கண்ணுக்கே தெரியாது. பொடி எழுத்தில் மாட்டிக்கொள்ளும். தடித்த எழுத்து, வெள்ளை அல்லது மஞ்சள், இருண்ட பின்னணி என்று வைத்தால் பிரச்சினை இல்லை. சுழியும் கொம்பும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம், ஆங்கிலம் தாங்குகிற சிற்றளவை நம் எழுத்து தாங்காது.

ஃப்ரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதில், கை வைக்காதீர்கள் என்பதோடு முடித்திருப்பேன், ஆனால் போனில் எடுக்கிறவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. 25இல் எடுத்தால் 25, 30இல் எடுத்தால் 30, அப்படியே விடுங்கள். 30ஐ 60 ஆக்கினால் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு முறை வரும், அவ்வளவுதான். சரி, கண்ணி என்னவென்றால், பல போன்கள் சீராக 30 எடுப்பதில்லை, வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஒரு நொடியில் 29, இன்னொரு நொடியில் 27 என்று ஏற்ற இறக்கமாக எடுக்கும். இதைச் சில எடிட் மென்பொருள்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. விளைவு, முதல் நிமிடத்தில் உதடும் குரலும் ஒத்துப்போகும், பத்தாவது நிமிடத்தில் குரல் ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம். ஒலியை இழுத்து இழுத்துப் பொருத்தி நான் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். எடிட் செய்வதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் போட்டு 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்பதைத் தேர்ந்து ஒருமுறை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. இதுவும் ஒரு நகல்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், அதனால்தான் இந்தத் தொல்லை வந்தால் மட்டும் செய்யுங்கள், தரத்தைக் குறைக்காமல் செய்யுங்கள்.

இப்போது பிட்ரேட் எண். யூட்யூப் தரும் பரிந்துரை இது: சாதாரண 1080 வீடியோவுக்கு நொடிக்கு 30 ஃப்ரேம் வரை என்றால் 8 எம்பிபிஎஸ், 60 ஃப்ரேம் என்றால் 12. 720க்கு 5, 1440க்கு 16, 4கே என்றால் 35 முதல் 45 வரை. ஒலிக்கு சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எழுதுவது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ், பிட்ரேட் ஸ்டீரியோ என்றால் 384 கேபிபிஎஸ். இவற்றைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் மேலே போனால் தப்பில்லை, மூலப்பிரதி எவ்வளவு சுத்தமோ நகலும் அவ்வளவு சுத்தம். எம்பிபிஎஸ் என்பதில் வருவது மெகாபிட், கோப்பின் அளவில் வருவது மெகாபைட், இடையே எட்டு மடங்கு வித்தியாசம். 8 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1 எம்பி, நிமிடத்துக்கு 60 எம்பி, பத்து நிமிட வீடியோ 600 எம்பி. உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் அதை ஏற்ற எட்டு நிமிடம் ஆகும். டவுன்லோடு வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், பல இணைப்புகளில் அப்லோடு அதைவிட ரொம்பக் குறைவாக இருக்கும்.

எண்ணெல்லாம் வேண்டாம் என்றால் ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்று ஒரு வழி இருக்கிறது. இதில் நீங்கள் சொல்வது தரத்தை. எத்தனை பிட் செலவழிப்பது என்பதைக் காட்சியைப் பார்த்து அதுவே முடிவு செய்யும், சுவருக்குக் கொஞ்சம், மழைக்கு நிறைய. எண் குறையக் குறையத் தரம் கூடும், இது தலைகீழ்க் கணக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எச்.264இல் 18க்கும் 20க்கும் இடையே வைத்தால் ஏற்றுவதற்குப் போதும். வீடியோவைத் தளம் எதிலும் போடாமல் உங்கள் சொந்த இணையதளத்திலேயே வைப்பதாக இருந்தால் அதே மென்பொருளில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்பதையும் டிக் செய்யுங்கள். எம்பி4 கோப்பின் உள்ளடக்கக் குறிப்பு கடைசியில் இருந்தால் சில சமயம் முழுக் கோப்பும் வந்து சேரும் வரை ஓடாது, அந்த டிக் அதை முன்னால் கொண்டுவந்து வைக்கும்.

ஒலி. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னித்துப் பார்ப்பார்கள், ஒலி இரைந்தால் பத்து நொடியில் போய்விடுவார்கள், அதிலும் பலர் போன் ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் மிகப்பெரிய முன்னேற்றம், விலை உயர்ந்த மைக் இரண்டாம் பட்சம். சத்தத்தை எவ்வளவு ஏற்றுவது? யூட்யூப் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கும் அலகு) என்கிற அளவை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே கத்துகிற வீடியோவைத் தானே குறைத்துவிடும். மெலிதாக இருப்பதை ஏற்றித் தருவதில்லை. எனவே அளவுக்கு மீறி ஏற்றிப் பயனில்லை, ஆனால் அந்த அளவுக்காவது கொண்டுவந்துவிட வேண்டும். பெரும்பாலான எடிட் மென்பொருள்களில் லவுட்னஸ் நார்மலைஸ் என்று ஒன்று இருக்கும், அது பார்த்துக்கொள்ளும்.

புதுப் போன்களில் எச்டிஆர் என்கிற, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வீச்சைப் பதிவு செய்யும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். போன் திரையில் அழகாக இருந்த நிறம், எடிட் செய்து ஏற்றியதும் வெளிறிப்போனது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். பழகும் வரை கேமராவில் அதை அணைத்துவிடுங்கள்.

வசனங்களைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவதைவிட, எஸ்ஆர்டி என்கிற தனிக் கோப்பாக (எந்த நேரத்தில் எந்த வசனம் என்று எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு) கொடுப்பது நல்லது. வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம், சுருக்கலில் எழுத்து மங்காது, காது கேளாதவர்களுக்கும் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்கும் உதவும். நோட்பேடிலேயே எழுதலாம், சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறை (என்கோடிங்) யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். முகப்புப் படத்துக்கு 1280க்கு 720 போதும். வலது கீழ் மூலையில் எதுவும் எழுதாதீர்கள், அங்கே வீடியோவின் நீளம் வந்து மறைத்துக்கொள்ளும். தலைப்பு யூட்யூபில் 100 எழுத்துகள் வரை வைக்கலாம், ஆனால் போனில் முன்பாதிதான் தெரியும் என்பதால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீளமான வீடியோ என்றால் விளக்கத்தில் 0:00 என்று தொடங்கி நேரம் நேரமாகப் பிரித்து எழுதலாம். குறைந்தது மூன்று பிரிவு, ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல் இருந்தால் அத்தியாயங்களாகக் காட்டும்.

கவனிக்காமல் விடுகிற ஒன்று: போனில் எடுத்த கோப்புக்குள் எடுத்த இடத்தின் குறியீடு பதிந்திருக்கலாம். கோப்பையே நேரடியாக யாருக்காவது கொடுக்கிறீர்கள் என்றால், உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். கேமரா செட்டிங்கில் இருப்பிடத்தை அணைத்து வைப்பதே எளிய வழி. பின்னணிப் பாட்டு விஷயமும் இப்படித்தான், பத்து நொடிதானே என்று போட்டால்கூட யூட்யூபின் கன்டென்ட் ஐடி, அதாவது அடுத்தவர் உரிமையுள்ள பாட்டையும் படத்தையும் தானாகவே தேடும் ஏற்பாடு, கண்டுபிடித்துவிடலாம். அனுமதியுள்ள இசையைத் தேடி எடுங்கள்.

ஏற்றிய உடனே எல்லாருக்கும் திறந்துவிடாதீர்கள். தளம் முதலில் சின்ன அளவு நகலைத்தான் தயார் செய்யும், 1080உம் 4கேவும் முடிய நேரமாகும், அதற்குள் பார்க்க வருகிறவர் மங்கல் படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் கேமராவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். பிரைவேட் என்று வைத்துவிட்டுக் காத்திருந்து, பெரிய நகல்கள் வந்த பிறகு போனில் ஒருமுறை, ஹெட்போன் போட்டு ஒருமுறை, முழுசாகப் பாருங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: யூட்யூபில் ஒருமுறை போட்ட வீடியோவின் கோப்பை மாற்றி அதே முகவரியில் வேறொன்றை வைக்க முடியாது. தப்பு தெரிந்தால் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், பழையதில் சேர்ந்த பார்வைகளும் கருத்துகளும் அங்கேயே நின்றுவிடும்.

ஏற்றிவிட்டோமே என்று கணினியிலிருந்து மூலக் கோப்பை அழித்துவிடவும் வேண்டாம். தளத்திலிருந்து திரும்ப இறக்கினால் கிடைப்பது அவர்கள் எடுத்த நகல்தான். என் மழை வீடியோவின் அசல் இன்னும் ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, போன மாதம் அதையே 1440 ஆக்கி மறுபடி ஏற்றினேன். துளிகள் முழுக்கத் தெரியவில்லை, ஆனாலும் மழை என்று சொன்னால் நம்புகிறார்கள்.